இன்னாசித்துறையின் ஈர நெற்றி

நனைந்துபோன மடிக்கணினியை அரிசிக்குள் புதைத்து வைத்தால் அரிசி ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருமனதாக நம்புகிறார்கள். மனித குலம் வேறெந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை என்பதால், இந்த நம்பிக்கையைத் திருத்துவது மிகுந்த வருத்தத்துடன் செய்ய வேண்டிய கடமையாகிறது. அரிசி அப்படி எதுவும் செய்வதில்லை. பச்சரிசி செய்வதில்லை, புழுங்கலரிசி செய்வதில்லை, கல்யாண வீட்டுக்கு வாங்கும் சீரகச் சம்பாவும் செய்வதில்லை. மூட்டைக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கும் கருவி, மேசைமேல் மின்விசிறிக்கு அடியில் சும்மா கிடக்கும் கருவியைவிட மெதுவாகத்தான் காய்கிறது. அந்தத் தாமதத்தில் உள்ளே இருக்கும் செம்புக் கோடுகள் பச்சை பூத்துவிடுகின்றன, தவிட்டுத் தூசி இடுக்குகளில் புகுந்து களியாகிவிடுகிறது. இன்னாசித்துறைக் கோயில் காரியங்களைக் கவனித்துக்கொண்டு, சாமியார் ஊரில் இல்லாத நாட்களில் செபமும் சொல்லிவந்த உபதேசியார் ததேயுஸ், கோயில் அலுவலக மடிக்கணினியைப் புதைத்தது சாதாரண அரிசியில்கூட அல்ல. ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி ஒதுக்கி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுவந்து கொட்டும் பிடி அரிசியில். மூன்று நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் எழும் என்பதற்கு அவரிடம் முன்னுதாரணம் இருந்தது.

எழவில்லை. ஐந்தாம் நாள் காலையில் அந்த மூட்டையை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, ஊரின் வடக்கு ஓரத்தில் ஐஸ் பேக்டரித் தெருவிலிருந்த பெல்சியாவின் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். மூட்டைக்குள் முழங்கைவரை கைவிட்டு, கன்று ஈன உதவுகிறவரைப் போல மெதுவாக மடிக்கணினியை வெளியே எடுத்தார். அப்போது அவர் நெற்றியில் ஊறிய தண்ணீர் மேல்நோக்கி நகர்ந்து தலைமுடிக்குள் போய்க்கொண்டிருந்தது. பெல்சியா துண்டை நீட்டினாள். அந்த வாரம் ஊரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

“மூணு நாள் அரிசியில வச்சேன், எம்மா. நேத்து டவுன்ல காட்டினேன். போர்டு செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கிடுங்கன்னுட்டான்.”

“உபதேசியாரே, அரிசி தானா தண்ணி குடிக்காது. உலையில போட்டாத்தான் குடிக்கும்.”

“அது வீட்டு அரிசி. இது கோயில் அரிசில்லா.”

“கோயில் அரிசியும் உலைக்குத்தான் போவுது. உள்ள என்ன கொட்டுச்சு? டீயா, மோரா?”

“தீர்த்தம்.”

“எவ்வளவு?”

உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “ஒரு வள்ளத்துக்கு உள்ள அளவு.”

அது நடந்த விதம் இதுதான். இன்னாசித்துறையில் மந்திரிக்கப்படாத எதுவும் பயன்பாட்டுக்கு வருவதில்லை. வள்ளம், வலை, எஞ்சின், மோட்டார் சைக்கிள், குளிர்பதனப் பெட்டி எதுவானாலும் சாமியார் வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்த பிறகுதான் அது அந்த வீட்டுப் பொருளாகும். இந்த மடிக்கணினி மட்டும் ஒன்பது வருடமாக மந்திரிக்கப்படாமலே உழைத்துவிட்டது என்பது உபதேசியாரின் மனக்குறை. அதிலும் அந்த ஒன்பது வருடம் அவர் ஒற்றை விரலால் அதற்குள் ஏற்றியது ஊரின் ஞானஸ்நானப் பதிவேடு, நூற்றிருபது வருடத்துப் பெயர்கள், நாலாயிரத்துக்கும் மேலே. ஏற்றி முடித்த மழைக்காலத்தில் காகிதப் பதிவேடுகளைக் கறையான் தின்று முடித்தது. ஆக, இன்னாசித்துறையில் யார் யாருக்குத் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது என்பதற்கு உலகத்தில் எஞ்சியிருந்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான். எனவே திருவிழா ஞாயிறன்று, கடற்கரையில் வள்ளங்களை மந்திரிக்கும் நேரத்தில், அதையும் ஒரு மேசைமேல் கொண்டுபோய் வைத்தார். மூடி வைத்தால் மேல்புறத்துக்கு மட்டும்தான் மந்திரிப்பு ஆகும் என்று யோசித்து, திறந்து வைத்தார். உயிரில்லாமல் கிடந்தால் மரியாதையாக இராது என்று, ஓடவிட்டு, பதிவேட்டையும் திரையில் திறந்து வைத்தார். புதிதாக வந்திருந்த சாமியார் நெல்வயல் நாட்டுக்காரர், கடல் பழக்கம் இல்லாதவர். வள்ளத்துக்குக் கை நிறையத் தெளிக்க வேண்டும், கஞ்சத்தனம் பார்த்தால் மீன் படாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தொரு வள்ளங்களுக்குத் தெளித்துத் தெளித்து வள்ளத்தின் அளவு கையில் ஏறிவிட்ட நிலையில் நாற்பத்திரண்டாவதாக அவர் முன்னால் வந்தது மடிக்கணினி. பழைய வழக்கப்படி உப்புக் கலந்து மந்திரித்த தண்ணீர் அது. இரும்பு வாளியில் மிச்சமிருந்தது முழுவதும் போயிற்று.

அந்த நிமிடத்திலிருந்துதான் நெற்றிகள் நனைந்தன.

முதலில் வெயில் என்று நினைத்தார்கள். உடற்கூறு அறிந்தவர்களும் அப்படித்தான் சொல்லக்கூடும்; ஆனால் வியர்வை கீழ்நோக்கி வழிவது. இது நெற்றி நடுவில் ஒரு சிரங்கை, அதாவது குவித்த உள்ளங்கை, அளவு ஊறி, நின்றாலும் நடந்தாலும் பின்னோக்கிப் போய் உச்சந்தலை வழியாகப் பிடரியில் இறங்கியது, கையில் மல்லாக்கக் கிடத்திய குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர் எந்தத் திசையில் போகுமோ அந்தத் திசையில். துடைத்தால் காய்ந்தது, கால் மணி நேரத்தில் மறுபடி ஊறியது. ஊர் அதற்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து கழுத்துக்கு மாற்றினார்கள், பெண்கள் தலையணையை வெயிலில் காயப்போடுவதைக் காலை வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள், மீன்கூடை சுமக்கிறவர்கள் சும்மாட்டை இரண்டாக வைத்துக்கொண்டார்கள். ரேஷன் கடைக் கருவிக்கு முகம் அடையாளம் தெரியாமல் போனதால் கடைக்காரர் ஆளுக்கொரு முறை துடைத்துவிட்டுத் திரும்ப நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொள்ள அனுமதி தரப்பட்டது, நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கும் நனைந்தது. மஸ்கட்டில் குளிரூட்டிய அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஊர்ப் பையன் ஒருவன் தொலைபேசியில் அழைத்து, கூரை ஒழுகுகிறதா என்று ஆள் வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொன்னான். ஊர்த் தலைவர் ரொசாரியோ கருகருவென்று சாயம் பூசிய தலைமுடிக்காரர். மூன்றாம் நாள் சாயமெல்லாம் பிடரி வழியாகச் சட்டைக் காலருக்கு இறங்கிவிட, அவருக்கு அறுபத்தெட்டு வயது என்பது ஊருக்கு முதன்முதலாகத் தெரியவந்தது. அதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த சுடலைமுத்துவுக்கும் நனைந்ததுதான் கொஞ்சம் பேச்சானது. அவன் தினமும் குளித்துத் திருநீறு பூசிக் கடை திறக்கிறவன்.

“உனக்கு ஏன்ல ஊறுது? நீ எங்க கணக்கிலயே இல்லையே,” என்று ஒருவர் கேட்டார்.

“யாரு கணக்குல இருக்கனோ, எனக்கென்ன தெரியும். திருநீறு குழைக்கத் தனியாத் தண்ணி எடுக்க வேண்டாம், அது ஒரு வசதி,” என்றான் சுடலைமுத்து, டீயை ஆற்றிக்கொண்டே.

நனையாதவர்களும் இருந்தார்கள். முதல் இரண்டு நாள் அவர்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்று சொன்னார்கள். மூன்றாம் நாள் யாரோ எண்ணிப் பார்த்தார்கள். நான்காம் நாள் யாரும் எண்ணாமலே எல்லோருக்கும் தெரிந்தது, இன்னாசித்துறையில் பிறந்து வளர்ந்தவர்களில் உலர்ந்த நெற்றிக்காரர்கள் அத்தனை பேரும் ஐஸ் பேக்டரித் தெருவின் பன்னிரண்டு வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்று.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் சுருக்குமடி வலைத் தகராறில் அந்தப் பன்னிரண்டு வீடுகளை ஊர் விலக்கி வைத்திருந்தது. அவர்கள் மீனை ஊர் ஏலத்தில் எடுப்பதில்லை, அவர்கள் வீட்டுச் சாவுக்கு மணி அடிப்பதில்லை, கோயில் கல்லறைத் தோட்டத்தில் குழி தருவதில்லை. மற்றபடி எல்லோரும் பேசிக்கொள்வார்கள். விலக்கு மீனுக்கும் பிணத்துக்கும் உண்டே தவிர செல்போனுக்குக் கிடையாது என்பதால், சுற்றுவட்டாரத்தில் உடைந்தது, விழுந்தது, நனைந்தது எல்லாம் பெல்சியாவிடம்தான் வந்தன. இப்போது அந்தத் தெருக்காரர்கள் பஸ் ஏறும் முன் குழாயடியில் நெற்றியை நனைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். குழாய்த் தண்ணீர் புருவத்தைத் தாண்டி மூக்கு வழியாகக் கீழே இறங்கியது. பார்த்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பெல்சியாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவளுக்கும் நெற்றி காய்ந்துதான் கிடந்தது, அதைப் பற்றி அவள் அதிகம் கவலைப்படவில்லை. கவலை, கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கட்டிலில் கிடந்த அப்பா வியாகுலத்தைப் பற்றித்தான். கல்லீரல் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. வியாகுலத்தின் மனைவி செலின் தகராறுக்கு இரண்டு வருடம் முன்னால் இறந்ததால் கோயில் கல்லறைத் தோட்டத்தில், தென்னைக்குப் பக்கத்தில் கிடந்தாள். அவள் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பதைத் தவிர வியாகுலம் எதுவும் கேட்டதில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறவனைக் கோயில் எப்படித் தள்ளும், ஊர் சொன்னாலும் சாமியார் கேட்கமாட்டார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

உபதேசியார் மூட்டையோடு வந்துபோன அன்று மத்தியானம், கஞ்சி கொண்டுபோன பெல்சியா, அப்பா தம்ளரில் விரலை முக்கி நெற்றியில் தடவிக்கொள்வதைப் பார்த்தாள்.

“எதுக்குப்பா இது?”

“வேர்க்கா இல்லையான்னு பாத்தேன்.”

“வேர்வையா இது?”

வியாகுலம் கண்ணுக்குள் இறங்கிய தண்ணீரைப் புறங்கையால் துடைத்தார். “எனக்குக் கீழ எறங்குது, பெல்சி. அவனுவளுக்கு மேல ஏறுது. மீனத்தான வேண்டாம்னானுவன்னு நெனச்சேன். பேரையே எடுத்துட்டானுவ போலிருக்கு.”

அவள் கடைக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடங்கினாள். பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, பேட்டரியைப் பிரித்து வைத்து, விசைப்பலகையைத் தூக்கினாள். அரிசிக் குருணை ஒரு கைப்பிடி உதிர்ந்தது. அடியிலிருந்த மின்சுற்றுப் பலகை நெடுக உப்பு வெள்ளையாகப் படிந்து, அதன் ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. ஸ்பிரிட்டில் பல்துலக்கும் பிரஷை முக்கி, அம்மியில் ஒட்டிய மஞ்சளைத் தேய்க்கிற பொறுமையோடு கோடு கோடாகத் தேய்த்தாள். அரித்துப்போன இரண்டு சில்லுகளைச் சூடுகாட்டி எடுத்துவிட்டு, வேறொரு செத்த மடிக்கணினியிலிருந்து எடுத்தவற்றை வைத்துப் பற்றவைத்தாள். வேறு விசைப்பலகை மாட்டினாள். இரண்டாம் நாள் காலையில் திரை ஒளிர்ந்தது. டவுனில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பலகை உயிரோடு இருந்தது. ஆனால் பதிவேடு இருந்த வன்தட்டு மட்டும், எத்தனை முறை துடைத்து வைத்தாலும், கால் மணி நேரத்துக்கு ஒரு துளி தண்ணீரைத் தன்மேல் வைத்துக்கொண்டது. பெல்சியா அதன்மேல் ஒரு துண்டுப் பஞ்சை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள்.

சுடலைமுத்துவின் பெயர் அதில் இருந்தது. பிறந்த அன்று மூச்சில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தவனுக்கு, பிழைக்கமாட்டான் என்று கருதி, பிரசவம் பார்த்த கன்னியாஸ்திரி ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு வரி. பெல்சியா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு ஊரில் நெற்றி நனைந்த ஒவ்வொருவரையும் தேடினாள், ஒவ்வொருவரும் இருந்தார்கள். பிறகு அப்பாவைத் தேடினாள்.

வரிசை எண் இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்தொன்பதில் எண் மட்டும் இருந்தது, எதிரே ஒன்றுமில்லை. தேடத் தேட அதுபோல வேறு வரிகளும் வந்தன. முப்பத்தேழு எண்கள், எதிரே வெறும் கட்டங்கள். அவளுடைய எண்ணும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரை விட்டுவிடச் சொன்னவர்களுக்குக் கட்டுப்பட்ட உபதேசியார், எண்ணை மாற்றி எழுதும் அளவுக்குத் துணியவில்லை. காலிக் கட்டத்தில் பெயரை ஏற்ற பெல்சியாவுக்கு ஒரு நிமிடம் போதும். அவள் விசைப்பலகையில் கை வைத்தாள், எடுத்தாள். கள்ளப் பெயர் எந்தப் பக்கம் வழியும் என்பதைக் குழாயடியில் பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல், தலைவர் ரொசாரியோ சாமியாரையும் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். அவர் காலரில் சாயம் மூன்று வளையமாகக் காய்ந்திருந்தது.

“எத்தன நாளு, பெல்சி? ஊரே ஒழுவுது.”

“மெசின் ஓடுது, தலைவரே. போர்டு காஞ்சிருச்சு. தண்ணிதான் நிக்கல.”

“வேணும்னே நிறுத்தாம வச்சிருக்கியோ?”

“தண்ணிய என் இஷ்டத்துக்கு நிறுத்தவும் விடவும் தெரிஞ்சா, மொதல்ல இந்தத் தெருக் குழாய்க்குல்லா விட்டிருப்பேன்.”

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையின் பக்கம் குனிந்தார். கொஞ்ச நேரம் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். “இங்க என்ன, நம்பர் இருக்கு, பேரு இல்ல?”

“பழைய ஊர் விவகாரம், சாமி. உங்களுக்கு வேண்டாம்,” என்றார் ரொசாரியோ.

 உபதேசியாரோ, திறந்திருந்த கதவு வழியாகப் பின்னறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வியாகுலம், கடையில் ஆள் அரவம் கேட்டதும், கட்டிலுக்கடியிலிருந்த தம்ளரை எட்டி எடுத்து, விரலை நனைத்து, நெற்றி நடுவில் கவனமாக வைத்தார். சாமியார் வந்திருக்கும்போது உலர்ந்த நெற்றியோடு கிடக்க அவருக்கு மனமில்லை. தண்ணீர் புருவத்தில் தயங்கி நின்று, மூக்கோரமாக இறங்கி, உதட்டில் போய் நின்றது.

“கட்டம் காலியா கெடந்தா என்ன செய்யணும், சாமி?” என்று உபதேசியார் கேட்டார்.

“புத்தகம் அழிஞ்சுபோனா சாட்சி போதும். நம்பத் தகுந்த ஒரு ஆள், நான் கண்ணால கண்டேன்னு சொன்னாப் போதும். திருச்சபைச் சட்டமே அப்படித்தான்.”

“யாரு சொல்லுவா?” என்றார் ரொசாரியோ. “வியாகுலத்துக்கு ஞானத்தகப்பன் செத்து இருவது வருசமாச்சு.”

“நான் சொல்லுவேன்.”

“நீருதான்வே விட்டு எழுதுனது.”

“ஆமா. விட்டதும் நான்தான், கண்டதும் நான்தான்.” உபதேசியார் துண்டை எடுத்து முகம் முழுவதையும் துடைத்தார். “அப்பல்லாம் பிள்ளைக்கு நாக்குல உப்பு வைப்பாங்கள்லா, சாமி. எனக்கு ஒம்பது வயசு. பூசைக்கு உதவி செய்ய நின்னேன், உப்புத் தட்டு என் கையில. சாமியார் ரெண்டு கல்லு எடுத்து அவன் நாக்குல வச்சாரு. துப்பிட்டான். சட்டையில விழுந்துச்சு. மறுபடி வச்சாரு. நான் சிரிச்சேன்னு மணியடிக்கிற கோயில்பிள்ளை என் காதத் திருவினாரு.”

பின்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. “உப்பு கூடப்போச்சோ என்னவோ,” என்றது வியாகுலத்தின் குரல்.

“ஊர்க் கமிட்டியக் கேக்காம ஏத்தக் கூடாது,” என்றார் ரொசாரியோ. அதட்டலாகத்தான் தொடங்கினார். அதற்குள் அவர் நெற்றியில் மறுபடி ஊறிவிட்டதால், பாதியில் நிறுத்தித் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“கமிட்டியக் கேட்டு ஒரு தடவ விட்டாச்சு, தலைவரே,” என்றார் உபதேசியார்.

பெல்சியா எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, வலது ஆள்காட்டி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒன்பது வருடம் எழுதிய அதே வேகத்தில், ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிக் கண்டுபிடித்து எழுதத் தொடங்கினார். பெயர். தகப்பன் பெயர். தாய் பெயர். ஞானப்பெற்றோர். பிறந்த நாள், ஞானஸ்நானம் ஆன நாள், கொடுத்த குருவானவர். எதற்கும் அவர் நிறுத்தி யோசிக்கவில்லை. நெஞ்சில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து எழுதுகிறவர்போல எழுதினார். கடைசிக் கட்டத்தில் சாட்சி என்று போட்டுத் தன் பெயரையும் எழுதினார். கடைக்கு வெளியே தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை.

அவர் விசையைத் தட்டியதும் பெல்சியா திரையைப் பார்க்கவில்லை, பின்னறைக்குப் போனாள். வியாகுலம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் கிடந்தார். நெற்றி நடுவில், யாரோ சிரங்கையால் ஊற்றியதுபோலத் தண்ணீர் ஊறி, ஒரு கணம் நின்று, மேலே நகர்ந்து, நரைத்த முடிக்குள் வகிடு பிரித்துக்கொண்டு போய்த் தலையணையை நனைத்தது. அவர் துடைக்கவில்லை. துடைக்கப்போன பெல்சியாவின் கையையும் பிடித்துக்கொண்டார். “கெடக்கட்டும்,” என்றார்.

ரொசாரியோ நிலைப்படி வரை வந்து பார்த்தார். பதினெட்டு வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நெற்றியைத் துடைக்கப் போன கையை இறக்கிவிட்டு, “செலினுக்குப் பக்கத்துல எடம் இருக்கான்னு பாக்கச் சொல்லுதேன்,” என்றார்.

“அவசரம் இல்ல, தலைவரே,” என்றார் வியாகுலம்.

மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு மற்ற முப்பத்தாறு பேருக்கும் சாட்சிகள் பெல்சியாவின் கடைக்கு வந்தார்கள். ஊருக்குள்ளிருந்துதான் வந்தார்கள், ஏனென்றால் தகராறுக்கு முன்னால் ஒருவர் பிள்ளைக்கு மற்றவர்தான் ஞானப்பெற்றோராக நின்றிருந்தார்கள். உபதேசியாரின் ஒற்றை விரலுக்கு அது மாலை வரை பிடித்தது. கடைசிப் பெயர் ஏறிய பிறகு வன்தட்டின் மேலிருந்த பஞ்சு நனையவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கெல்லாம் ஊரில் நெற்றிகள் காய்ந்துவிட்டன.

திங்கட்கிழமை காலையில், கடைசிவரை தலையைத் துடைக்கவிடாத வியாகுலத்துக்குச் சளி பிடித்திருந்தது.